என் மகள் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை யார் அழித்தது?

நேற்று மகளின் காதுகுத்து ஆல்பம் வந்தது. வந்த கொஞ்ச நேரத்திலேயே நான் வீட்டில் பொய்க்காரி ஆகிவிட்டேன்.

(ஊர் வடகரப்பதி. தெரியாதவர்களுக்கு: கேரளாதான், ரோட்டைத் தாண்டிப் போனால் தமிழ்நாடு, வீட்டுக்குள் வந்தால் மாமியார் நாடு.)

கதை போன மாதமே ஆரம்பித்துவிட்டது. குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு, என் அண்ணன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினோம். மறுநாளே பாப்பாவுக்குக் காய்ச்சல்.

காய்ச்சல் மருந்துக்கு இறங்கிவிட்டது. மாமியாரின் சந்தேகம் இறங்கவில்லை.

"அத்தன சனத்துக்கு முன்னால மொட்டத் தலையோட பளபளன்னு உக்காந்திருந்தா கண்ணு படாம என்ன பண்ணும்? கன்னத்துல பொட்டு வெச்சியா கண்ணு?"

"வெச்சனுங்க அத்தை. எடது கன்னத்துல, நல்லாப் பெருசா வெச்சனுங்க."

"எனக்கென்னமோ பாத்த நெனப்பே இல்ல."

அவர் சந்தேகப்பட்டதற்கும் காரணம் உண்டு. குழந்தை பிறந்த புதிதில் கண்ணுக்குள் மை தீட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். நானும் அப்படியே நின்றேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் மை எதிர்ப்புக் கட்சி. கன்னத்தில் வைப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் எடுபடவில்லை. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "படிச்ச புள்ள, பொட்டெல்லாம் வெக்க மாட்டா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரித்துக்கொண்டே சொல்வதால் பதிலும் சொல்ல முடியாது.

கடைசியில் நானே வாயைக் கொடுத்தேன். "ஆல்பம் வரட்டுங்க அத்தை. போட்டோல பாத்துக்குங்க."

ஆல்பம் வந்தது.

முதல் பக்கத்தில் பொட்டு இல்லை. அடுத்ததில் இல்லை. அண்ணன் மடியில் வீறிட்டு அழும் படத்தில் கன்னம் கழுவிவைத்த தக்காளி மாதிரி இருக்கிறது. நெற்றிப் பொட்டு இருக்கிறது, கன்னத்துப் பொட்டு மட்டும் இல்லை.

மாமியார் ஆல்பத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

வீட்டுக்காரர் சமாதானம் பேச வந்தார். "உடு, மறந்திருப்ப. அதுக்கு எதுக்குப் பொய் சொல்லோணும்?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறந்தேன் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொய் சொன்னேன் என்று சொன்னது தாங்கவில்லை. அதைவிட மோசம், கொஞ்ச நேரத்தில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மை டப்பாவைத் திறந்தது அன்றைக்கா, அதற்கு முந்தின நாளா?

சாயங்காலம் பக்கத்து வீட்டு சரசக்கா ஆல்பம் பார்க்க வந்தார். மாமியார் படம் வந்ததும் புரட்டுவதை நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க, போட்டோல சின்னப் புள்ளயாட்டம் இருக்கறீங்க?"

மாமியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. (அந்தப் பக்கத்தை அவர் காலையிலிருந்து அடிக்கடி திருப்பியதை நானும் கவனித்திருந்தேன்.) நான் எட்டிப் பார்த்தேன். ஏதோ இடித்தது.

என் மாமியாருக்கு மோவாயில் மிளகு அளவில் ஒரு மச்சம் உண்டு. அதைப் பார்த்துத்தான் மாமா வீட்டில் பெண் கேட்டு வந்தார்கள் என்பது எங்கள் குடும்ப வரலாறு.

"அத்தை, உங்க மச்சம் எங்கீங்க?"

அவர் கை சட்டென்று மோவாய்க்குப் போனது. மச்சம் அங்கேதான் இருந்தது. போட்டோவில்தான் இல்லை.

மறுபடி முதலிலிருந்து புரட்டினோம். அண்ணன் முகத்தில் அம்மைத் தழும்பு இல்லை. மாமாவுக்குப் புருவத்து வெட்டுக்காயம் இல்லை. எனக்குக் கருவளையம் இல்லை. (அதைக் காலையிலேயே பார்த்தேன். லைட்டிங் நல்லா இருக்கிறது என்று சும்மா இருந்துவிட்டேன்.)

போட்டோகிராஃபருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பாலக்காட்டுக்காரர்.

"சேச்சி, இப்பொ கையால எடிட் பண்றதில்ல. சாஃப்ட்வேர்ல ஃபோல்டரைக் குடுத்துட்டு சாயா குடிக்கப் போனா, வர்றதுக்குள்ள எல்லா மூஞ்சியும் க்ளீன் ஆயிரும்."

"கொழந்த கன்னத்துப் பொட்டு?"

"கரும்புள்ளின்னு எடுத்திருக்கும்."

"நெத்திப் பொட்ட மட்டும் எப்படி உட்டுச்சு?"

"நடு நெத்தியில இருந்தா பொட்டுன்னு அதுக்குத் தெரியும் சேச்சி. கன்னத்துல எதுக்குப் பொட்டுன்னு யாரும் அதுக்குச் சொல்லிக் குடுக்கல போல." சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. "ஒரிஜினல் எல்லாம் இருக்கு. வாட்ஸ்அப்ல அனுப்பட்டே?"

"அனுப்புங்க" என்று நான் சொல்வதற்குள் மாமியார் குறுக்கே வந்தார்.

"வேண்டாங்க. அவ வெச்சன்னு சொன்னா வெச்சிருப்பா."

சரசக்கா முன்னாலேயே சொன்னார். வீட்டுக்காரர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் ஃபேனைப் பார்த்தார்.

அப்புறம் மாமியார் உள்ளே போய் மை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்.

"நீ எங்க வெச்சியோ, அங்கயே வெய்யி."

விரலில் தொட்டு, ஆல்பத்தில் அண்ணன் மடியில் அழுகிற என் மகளின் இடது கன்னத்தில் வைத்தேன். நல்லாப் பெருசாக.

இப்போது எந்த போட்டோவைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான். நீங்களும் உங்கள் வீட்டு ஆல்பத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். யாருடைய மச்சம் காணாமல் போயிருக்கிறது என்று கமெண்டில் சொல்லுங்கள்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று: பொட்டு வைத்த பிறகும் மை விரலில் மீதம் இருந்தது. மாமியார் படத்தைத் திருப்பி, "உங்களுக்கும் மச்சத்த வெச்சு உடட்டுங்களா அத்தை?" என்று கேட்டேன்.

ஆல்பத்தை என் கையிலிருந்து வாங்கி மூடினார்.

"அது கெடக்கட்டும் உடு."