உப்பில்லாத பத்து நாள்

அப்போது என் மாமனாருக்கு எண்பத்து மூன்று வயது. மனசு ஒரேயடியாக ஏறி, ஒரேயடியாக இறங்குகிற நோய்க்குப் பன்னிரண்டு வருஷமாக லித்தியம் மாத்திரை. அதற்கு முன்னால் அவர் பட்டப்பகலில் சட்டையில்லாமல் மணலூர்பேட்டை ஆற்றைக் கடந்துபோன கதையெல்லாம் உண்டு. மாத்திரை வந்தபிறகுதான் வீட்டில் நிம்மதி.

அந்த வருஷம் அவருக்குக் கால் வீங்கியது. உப்பைக் குறைத்துப் பார் என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. நான் அடியோடு நிறுத்தினேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்கு வராது.

"இன்னாமா இது? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே!" மூன்று வேளையும் இதே பாட்டு. நோய் திரும்புகிறது, அதான் சோற்றின் மேல் எரிச்சல் என்று நாங்களாகவே முடிவுகட்டினோம்.

ஒன்பதாம் நாள் கை நடுங்கி டம்ளர் விழுந்தது. நாக்கு குழறியது. நடந்தால் தள்ளாடினார். "ஒரு மாத்திரை சேத்துக் குடுத்துரலாம்" என்றார் என் வீட்டுக்காரர். நானே வாயில் வைத்தேன். துப்பிவிட்டார். கிழவருக்கு என்ன வீம்பு என்று வாய்விட்டே திட்டினேன், பாவி.

மறுநாள் காலை கண் சொருகிவிட்டது. இடஒதுக்கீட்டுப் போராட்டம், பஸ் ஓடவில்லை. கயிற்றுக் கட்டிலோடு மாட்டு வண்டியில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினோம். பாதி வழியில் ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம். வெட்டிப் போட்டவர்களே "பெரியவருக்கு இன்னாங்க?" என்று ஓடிவந்து, கட்டிலோடு தூக்கி, அந்தப் பக்கம் நின்ற டிராக்டரில் ஏற்றிவிட்டார்கள்.

"சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?" என்று கேட்டார் டாக்டர். உப்பை நிறுத்தியதையும், லித்தியத்தை ஒன்று கூட்டிக் கொடுத்து அவர் துப்பியதையும் சொன்னேன்.

"இந்த வயசுல சிறுநீரகம் மெதுவாத்தான் வேலை செய்யும். உப்பும் இல்லன்னா மருந்து வெளியே போகாம ரத்தத்துல ஏறிக்கினே போவும்மா. இன்னொரு மாத்திரை உள்ள போயிருந்தா ஆளைப் பார்த்திருக்க முடியாது."

டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு சலைன் ஏற்றினார்.

மூன்றாம் நாள் நடுக்கம் நின்றது. நான்கு பேர் பார்க்க மாமனார் தானே டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடித்தார். உப்புப் போட்டுக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பத்து நாளா சொல்லிக்கினு கீறேன். இப்பத்தான் ஒனக்குக் காது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாமா" என்றேன். அடுத்த வாய்க் கஞ்சியை ஆற்றினேன்.