எகிப்துக் குழந்தையும் என் குழந்தையும்

மயிலாப்பூரில் அப்போது மேஜிக் லாந்தர் காட்சி என்றால் என் வீட்டுக்காரருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி அதில் படம் காட்டுவார்கள். பெண்களுக்குத் தனியே ஒரு பக்கம் ஜமக்காளம். எங்கள் கைக்குழந்தை போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் அழுதழுது பைத்தியமாகிவிடுவேனோ என்று பயந்து என்னையும் இழுத்துப் போனார். போயும் போயும் அன்றைக்கு எகிப்துப் பிணங்களைப் பற்றிப் பிரசங்கம்! நல்ல மனுஷர், போங்கள்!

காலேஜ் வாத்தியார் ஒருவர் பிரம்பால் படத்தைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். மூளையை மூக்கு வழியாகக் கொக்கி விட்டு இழுப்பார்களாம். பெண்கள் பக்கம் முழுக்க "சிவ சிவா". குடலை எடுத்து ஜாடியில் வைத்து, உடம்பை உப்பில் மூடி நீரை வற்றவிட்டு, துணியால் சுற்றுவார்களாம். அடுத்த படத்தில் ஒரு சின்னக் குழந்தை. எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆகியும் புருவம்கூடக் கலையவில்லை என்றார். நான் அந்தப் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடுகளில் பால்குடிக் குழந்தையை எரிக்கமாட்டார்கள். உப்பைக் கொட்டிப் புதைப்பார்கள். பெண்கள் அங்கே போகக்கூடாது. அடையாற்றங்கரைச் சுடுகாட்டு மணலில் அவனைப் படுக்கவைத்தவர் என் வீட்டுக்காரர்தான்.

காட்சி முடிந்து குளக்கரையோரம் திரும்பி நடக்கும்போது அவரிடம் கேட்டேன். "ஏன்னா, நாமளும் உப்பு போட்டுத்தானே வெச்சோம்?"

அவர் நின்றுவிட்டார். "ஆமாம். மூட்டையோட கொட்டினேன்."

"அப்போ நம்ம குழந்தையும் அப்படியே இருப்பானோன்னோ?"

"இருப்பான்டி. அங்கேயும் மணல், இங்கேயும் மணல்தானே."

அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். அதற்கப்புறம் அவனை நினைத்தால் மண்ணும் புழுவும் கண்ணில் வரவில்லை. அந்தப் புருவம்தான் வந்தது. எவ்வளவு நல்ல நாட்கள் அவை! சமைக்கும்போது பாடக்கூட ஆரம்பித்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் கொட்டியது. நான் வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்ததைக் கண்டு, அவர் குடையை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் கிளம்பினார்.

கொஞ்ச நேரத்தில் பால்காரர் வந்தார். "ஆத்தாண்ட யாரும் போவாதீங்கம்மா. சுடுகாட்டுப் பக்கம் கரையே பூட்ச்சி. எல்லாம் தண்ணிதான் கீது" என்றார். பாலை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். அழுகைகூட வரவில்லை.

அவர் மார்புவரை சேறாகத் திரும்பி வந்தார். குடையைக் காணோம். என் முகத்தைப் பார்க்காமல், "மணல் அப்படியே இருக்குடி. ஒரு பொட்டுத் தண்ணி ஏறலை" என்றார்.

துண்டை எடுத்து நானே அவர் தலையைத் துவட்டினேன். "சரி, சாப்பிட வாங்கோ" என்றேன். அவரும் அவனைப் பறிகொடுத்தவர்தானே என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.