அண்ணனின் பங்கு

கோயில் கொடைவிழா முடிந்த மறுநாள் காலையில் கறி பிரிப்பார்கள். தாராவியில் எங்கள் ஊர்ச் சங்கத்துக்கென்று இருக்கும் மாடன் கோயில், இரண்டு தையல் பட்டறைகளுக்கு நடுவே ஓர் ஆள் கையை விரித்தால் இடிக்கும் அகலத்தில் இருக்கிறது. அதன் முன்னால் நீலத் தார்ப்பாயை விரித்து, நேர்ச்சைக் கிடாய்களின் கறியைக் கூறு கூறாக வைத்து, சங்கத் தலைவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் "உண்டு" என்று குரல் கொடுக்க வேண்டும். ஆள் சூரத்தில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் பரவாயில்லை; வீட்டிலிருந்து அப்பாவோ தம்பியோ "உண்டு" என்றால் போதும், அவன் பங்கு பாத்திரத்தில் விழும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றை விட்டு வந்து தலைமுறைகள் ஆன பிறகும், நாங்கள் யார் என்பது அந்த ஒரு சொல்லில்தான் நின்றுகொண்டிருக்கிறது. அண்ணனுக்கு மீசை அரும்பிய வருஷம் அவன் பெயரை முதன்முதலாகக் கூப்பிட்டார்கள். அவன் குரல் உடைந்து கீச்சென்று வந்தது, எல்லோரும் சிரித்தார்கள். பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற நான் சிரிக்கவில்லை. பெண்பிள்ளைகளுக்குப் பங்கு கிடையாது. நாளைக்கு வேறு வீட்டுக்குப் போகிறவள் பெயரை எதற்குக் கூப்பிடுவது?

அண்ணன் மேல் எனக்குப் பொறாமை. இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எங்கள் கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், பரண் மாதிரி ஒரு மேல்தட்டு உண்டு. அது அவனுடையது, கீழே படுக்கும் இடம் அப்பா, அம்மா, நான் மூவருக்கும். குழம்பில் முழு முட்டை அவனுக்கு, பாதி எனக்கு. மாதுங்காவில் அவன் படித்த கல்லூரியிலேயே பிறகு நானும் சேர்ந்தேன். முதல் வாரமே ஒரு பேராசிரியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவன் தங்கையா நீ?" என்றார். அவன் மராத்தியில் பேசினால் மராத்திக்காரர்களே திரும்பிப் பார்ப்பார்கள். குடிசைகளை இடிக்க புல்டோசர் வந்த நாட்களில் டப்பு மேளம் அடித்துப் பாடுவான், தெருவே கூடும். எனக்கு அவனைவிட மதிப்பெண் அதிகம். அதைக் கேட்கத் தெருவில் யாரும் கூடவில்லை.

ஒரு நாள் அவன் போய்விட்டான். வேலைக்கென்று சொல்லிவிட்டுப் போனவன், காட்டில் துப்பாக்கி தூக்கிய ஒரு குழுவில் சேர்ந்துவிட்டான் என்று போலீஸ் வந்து சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தக் குழு சாலையில் கண்ணிவெடி வைத்துக் காவலர்களைக் கொன்றதைச் செய்தியில் பார்த்திருக்கிறோம். கொன்றவர்களில் இவனும் ஒருவனா என்று தெரியாது. இல்லை என்று சொல்லவும் எங்களிடம் ஒன்றுமில்லை. வந்த அதிகாரி இந்தியில், "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார். "ஒரு பையன்" என்றாள் அம்மா. நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்ததும், "ஆங், இதுவும் இருக்கு" என்று சேர்த்துக்கொண்டாள்.

போனவன் குறைந்துபோவான் என்று நினைத்தேன். நடந்தது நேர்மாறு. மேல்தட்டில் யாரும் படுக்கவில்லை. அவன் சட்டைகளை அம்மா மாதாமாதம் துவைத்து மடித்தாள். முழு முட்டையைத் தனியாக எடுத்து வைத்து, மறுநாள் அதைத் தானே விண்டு விண்டு சாப்பிட்டாள். வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய், டியூஷன் எடுத்து, குழாயடியில் வரிசையில் நின்ற எனக்குக் கோலியில் இருந்த இடத்தைவிட, இல்லாத அவனுக்கு இருந்த இடம் பெரிது.

இப்போது செம்பூரில் ஒரு வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கிறேன். உலகத்தில் எங்காவது ஓர் அரசு, தீவிரவாதக் குழுவில் சேர்ந்த யாருடைய குடியுரிமையையாவது பறித்தது என்று செய்தி வந்தால் அலுவலகத்தில் சண்டை மூளும். "துப்பாக்கி தூக்கினவனுக்குப் பாஸ்போர்ட் ஒரு கேடா?" என்பார்கள். பறிக்கக் கூடாது என்பதே என் கட்சி. நான் இரக்கக்காரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சட்டம் படிக்கத் தொடங்கிய வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொடைக்கு முந்திய சங்கக் கூட்டத்தில் எனக்கு இது பிடிபட்டது.

அன்று பேச்சை எடுத்தவர் எங்கள் பக்கத்துக் கோலி மாமா. அவர் மகன் துணை ராணுவத்தில், அதே காட்டில் காவலுக்கு இருந்தான். மாமா கத்தவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"எம் மவன் அங்கன காவலுக்கு நிக்கான். அவனச் சுடணும்னு நிக்கிற கூட்டத்துல இவன் இருக்கான். ரெண்டு பேருக்கும் ஒரே கெடா, ஒரே கறி. எனக்கு எப்படித் தொண்டையில எறங்கும் தலைவரே? அவன் பேரக் கூப்பிடக் கூடாது. அவன் நம்ம ஆளு இல்ல."

அதை எப்படி மறுப்பது? அப்பா தரையைப் பார்த்தபடி, "அப்பம் என் பங்கயும் சேத்து நிறுத்திருங்க" என்றார். வாசல் பக்கம் பெண்களோடு உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு மகனைப் பற்றிய தகவல் எதுவும் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை அவன் பெயரை ஊர் உரக்கச் சொல்லும், அவன் இருக்கிறான் என்று அப்பா பதில் சொல்வார், அவ்வளவுதான். அதுவும் போகப் போகிறது.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. எடுக்கட்டும், அவனும் என்னைப் போல் பெயரில்லாதவன் ஆகட்டும். ஆனால் நான் கொஞ்சம் வேகமாக யோசிக்கிறவள். பெயரை எடுத்த பிறகு எங்கள் வீடு எப்படி இருக்கும் என்று மனசில் ஓட்டிப் பார்த்தேன். ஊரே தள்ளிவைத்த பிள்ளை! அம்மாவுக்கு அதற்குப் பிறகு வேறு நினைப்பே இருக்காது. அவன் செய்தது மறந்து, அவனுக்குச் செய்தது மட்டும் மிஞ்சும். கேள்வி கேட்க முடியாத உயரத்தில் இன்னொரு மேல்தட்டு கட்டி அவனை ஏற்றிவிடப் போகிறார்கள். நான் எழுந்துவிட்டேன்.

"மாமா, பேர எடுத்துட்டா அவன் யாரோ ஒருத்தன். நாளைக்கு பிடிபட்டு வந்தான்னா, 'ஏம்ல இப்படிப் பண்ணுன'ன்னு கேக்க உங்களுக்கு என்ன பாத்தியம்? யாரோ பெத்த பிள்ளைய எதுக்குக் கேக்கணும்? நம்ம ஆளுன்னு வச்சிருந்தாதான் சபையில நிறுத்திக் கேக்க முடியும். மொதல்ல கேக்க வேண்டியவரு நீங்க. அந்த உரிமைய ஏன் வேண்டாங்கிய?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, இதுல ஒம் பேரே கெடையாது. நீ யாருக்குப் பேச வந்துட்ட?"

ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

"ஆமா, கெடையாது" என்றேன். "பேர் இல்லாதவள யாரும் எதுவும் கேக்க முடியாது மாமா. இருக்கியான்னும் கேக்க மாட்டாவ, ஏன் இப்படிச் செஞ்சன்னும் கேக்க மாட்டாவ. அது எவ்வளவு வசதின்னு எனக்குத் தெரியும். அந்த வசதிய அவனுக்குக் குடுக்காதீங்க."

சிரிப்பு நின்றது. தலைவர் தாடையைச் சொறிந்துகொண்டே, "பேரு இருக்கட்டும்" என்றார். "வந்தான்னா இங்கன நின்னு பதில் சொல்லட்டும். இந்தப் பிள்ளைய வக்கீலுக்குப் படிக்கப் போட்டது நம்ம தப்பு." மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அந்த வருஷம் அவர் பெயரைக் கூப்பிட்டபோது பதில் வரவில்லை. மகன் விடுப்பில் வந்து நின்ற வருஷம்தான் மறுபடி பங்கு வாங்கினார். அவரிடம் வெற்றி பெற்றதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

கலையும்போது தலைவரிடம், "அப்படியே என் பேரயும் சேத்துருங்களேன், தலைவரே" என்றேன். அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு, "அது வேற கேஸும்மா. இன்னொரு நாள் பேசுவோம்" என்றார். அந்த இன்னொரு நாள் இதுவரை வரவில்லை.

வீட்டுக்கு நடந்தோம். சந்து குறுகும் இடத்தில் அம்மா நின்றாள். இரண்டு கையாலும் என் கன்னத்தை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். அண்ணனுக்கு அவள் அப்படிச் செய்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எனக்கு அதுவே முதல் தடவை. கண் நிறைய நீரோடு, "எம் பிள்ளையக் காப்பாத்திக் குடுத்துட்டியே மக்கா" என்றாள்.

அவள் இன்னும் ஏதாவது சொல்வாளா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பின்னால் தோல் மூட்டையோடு வந்தவர் "சைட், சைட்" என்று கத்தினார். நாங்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டு நடந்தோம்.