வடக்கு மூலையின் ஈரம்

கௌயா ஆற்றங்கரையில் உள்ள அந்த லாத்வியச் சிறுநகரத்தின் புது மழலையர் பள்ளியை மரத்தில்தான் கட்ட வேண்டும் என்று நகர்மன்றத்தில் மல்லுக்கு நின்றவளே இங்குனாதான். இருபத்திரண்டு வயதில் தச்சர்களோடு கூரை ஏறியவள், நாற்பத்தெட்டில் கட்டட மேற்பார்வையாளர். பைன் பலகைகளை அடுக்கி ஒட்டிய, லாரி நீளத்துப் பாளங்கள் வந்து இறங்கின. பதினொரு நாளில் சுவர்கள் எழும்பிவிட்டன. கூரை போடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

ஆறு நாள் விடவில்லை. தார்ப்பாய் கிழிந்து தளம் ஊறிப்போயிற்று. சூடான காற்றடிக்கும் இயந்திரங்களை வைத்து இரண்டு வாரம் உலர்த்தினார்கள். ஈரம் பதினெட்டு சதவீதத்துக்கு மேல் இருந்தால் மேல்பலகை போட்டு மூடக்கூடாது. வடக்கு மூலையில் மட்டும் ஈரமானி இருபத்துமூன்றைக் காட்டியது.

“இன்னும் பத்து நாள் வேணும், ராய்விஸ்,” என்றாள் ஒப்பந்தக்காரரிடம்.

“திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சே இங்குனா. மரம் மூச்சு விடும், மூச்சு விடும்னு ஊர் பூரா சொன்னது நீங்கதானே? மூடினா மட்டும் விடாதா?”

சொன்னவள் அவள்தான். அடியில் நீர் புகாத தாள் கிடக்கிறது, ஈரம் வெளியேற வழியில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் களைத்திருந்தாள். காய்ந்துவிடும் என்று நம்ப ஆசைப்பட்டாள். ஈரப் பரிசோதனைப் படிவத் தாளில் பதினேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

திறப்பு விழாவில் எல்லோரும் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். பத்திரிகையில் படம் வந்தது.

மார்ச் மாதம், கதவு ஒன்று இறுக்குகிறதென்று தலைமையாசிரியை வெல்தா கூப்பிட்டனுப்பினாள். இங்குனா போனபோது வடக்கு மூலையில் நாலைந்து பிள்ளைகள் கூடையோடு தவழ்ந்துகொண்டிருந்தார்கள்.

“என்ன விளையாட்டு இது?”

“காளான் பறிக்கிறோம்! இங்கதான் காட்டு வாசனை வருது.”

வெல்தா சிரித்தாள். “புது மரம்னா இப்படித்தான் மணக்கும்போல, இல்லையா?”

இங்குனா மண்டியிட்டுத் தரையை முகர்ந்தாள். பூஞ்சை வாடை. கதவைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நான்காம் நாள் ராய்விஸிடம் போனாள்.

“தாள்ல பதினேழுன்னுதான் இருக்கு,” என்றார் அவர், தலைநிமிராமல். “எழுதினது நான் இல்ல.”

அங்கிருந்து நேரே பள்ளிக்கு நடந்தாள்.

“வெல்தா, தரையை உடைச்சுப் பாக்கணும். ஈரமா இருக்குன்னு தெரிஞ்சேதான் மூடினேன். பொய் எழுதினேன்.”

வெல்தா சொன்னாள்: “குளிர்காலம் முழுக்க இருமின பிள்ளைங்களுக்கு நான் தேனைக் குடுத்துக்கிட்டு இருந்தேன். நீங்க அப்பவே வாயத் தொறந்திருக்கலாம்ல?”

“திறந்திருக்கணும்.”

மேல்பலகையைப் பெயர்த்தபோது அடியில் வெள்ளை நூல் நூலாய்ப் பூஞ்சை ஓடியிருந்தது. உளி, ரொட்டியில் இறங்குவதுபோல் மரத்தில் இறங்கியது. பிள்ளைகளைப் பழைய நூலகத்துக்கு மாற்றினார்கள். விசாரணையில், தனக்கு எதுவும் தெரியாது என்று ராய்விஸ் எழுதிக் கொடுத்தார். இங்குனாவின் உரிமம் போயிற்று. ஜன்னல் செய்யும் பட்டறையில் கண்ணாடி பொருத்தும் வேலைக்குச் சேர்ந்தாள்.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். கடை வரிசையில் காதில் விழுந்த பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. “மரத்துல கட்டினா அழுகத்தானே செய்யும்? கான்கிரீட்டுன்னா இந்த வம்பு உண்டா?”

புது நூலகத்தை எதில் கட்டுவது என்று நகர்மன்றம் கூடிய அன்று, கூப்பிடாமலே போய்ப் பின்வரிசையில் எழுந்து நின்றாள்.

“மரம் தப்புப் பண்ணல. நனைஞ்ச மரத்தை மூடினது நான். காயவிட்டிருந்தா நூறு வருஷம் நின்னிருக்கும். என் மேல உள்ள கோபத்தை மரத்து மேல காட்டாதீங்க.”

“கோபம் இல்லம்மா, பயம்,” என்றார் ஒருவர். “அடுத்த தாள்லயும் யாராவது பதினேழுன்னு எழுதிட்டா?”

கான்கிரீட் வேண்டும் என்போர் கை தூக்கச் சொன்னார்கள். மன்ற உறுப்பினரான வெல்தா இங்குனாவைத் திரும்பிப் பார்த்தாள்; பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினாள்.