உப்பளத்து விக்கெட் கீப்பர்

அன்று உப்பளத்தை ஒட்டிய மைதானத்தில் இருந்தவர்கள்: எங்கள் மரக்காணம் அணி பதினொருவர், கூனிமேட்டு அணி பதினொருவர், அம்பயர் இருவர், ஐஸ் வண்டிக்காரர் ஒருவர், ஸ்கோர் எழுத நான். மொத்தம் இருபத்தாறு.

ஸ்கோர் எழுதுகிறவனைத் தோற்ற அணி திட்டும். ஜெயித்த அணி மறந்துவிடும். நோட்டும் பேனாவுமாக வெயிலில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதியிருந்தால் உங்களுக்கும் இது தெரியும். அந்தச் சலிப்பை எனக்கு மறக்கடித்தவர் எங்கள் விக்கெட் கீப்பர் அந்தோணி. நாற்பத்தாறு வயது. வாரத்தில் ஆறு நாள் உப்பு வாருகிறவர். கையுறை போடமாட்டார். அன்று காலையில் கேப்டன் தினேஷ், ஒரு பந்து பின்னால் போனாலும் அடுத்த ஞாயிறு வேறு ஆள் என்று அவரிடம் சொல்லிவிட்டான்.

நாங்கள் பத்து ஓவரில் எடுத்தது எழுபத்தொன்று. பிறகு கூனிமேடு ஆட வந்தது.

ஊறிய பந்து

மூன்றாவது ஓவரில் சிக்ஸர். டென்னிஸ் பந்து பக்கத்து உப்புப் பாத்தியில் விழுந்தது. எடுத்து வந்ததை அந்தோணி உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஸ்டம்பை நோக்கி இரண்டடி நெருங்கி உட்கார்ந்தார். அடுத்த பந்து தரையோடு வழுக்கி, பேட்டுக்கு அடியில் புகுந்து, நேராக அவர் கைக்குள் போனது. எப்படித் தெரிந்தது என்று பவுலர் கேட்டான்.

"உப்பங்கழித் தண்ணியில விழுந்திருந்தா இவ்ளோ கனம் இருக்காதுப்பா. இது உப்பு பூத்த பாத்தி. எழும்பாது."

சுண்டு விரல்

ஆறாவது ஓவரில் பந்து அவர் சுண்டு விரல் நுனியில் இடித்துக் காலடியில் விழுந்தது. விரல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. நான் எழுந்து ஓடவில்லை; ஓடியிருந்தால் ஒரு பந்து எழுதாமல் விட்டுப்போயிருக்கும். அவரே விரலை இழுத்து நேராக்கினார். வெளியே போகச் சொன்னான் தினேஷ். அவரோ ஒரு குச்சி ஐஸ் வாங்கி, பொறுமையாகத் தின்று முடித்து, குச்சியை விரலோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு திரும்பினார்.

ஐஸ் வண்டிக்காரர் சொன்னார்: "நான் விக்கிறது ஐஸுதான் அண்ணே. வைத்தியம் ஃப்ரீ."

வெள்ளைத் தடம்

கடைசி ஓவர். நான்கு பந்துக்கு ஐந்து ரன் வேண்டும். கூனிமேட்டுக் கேப்டன் காதர் பாய் பேட்டில் உரசிய பந்தை அந்தோணி விழுந்து பிடித்தார். அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். எங்கள் பையன்கள் குதித்தார்கள். அந்தோணி மட்டும் பந்தைத் திருப்பிப் பார்த்தார். பாத்தியையே பார்க்காத, அப்போதுதான் மாற்றிய புதுப் பந்து அது; தரையில் குத்தாமல் நேராக பேட்டுக்கு வந்தது. ஒரு பக்கம் வெள்ளைத் தடம். தரையில் பட்டுவிட்டது, உப்பு ஒட்டியிருக்கிறது என்று அம்பயரிடம் காட்டினார். காதர் பாய் அவுட் ஆகாமல் நின்றார். அடுத்த பந்திலேயே சிக்ஸர்.

பின்னால் போன பந்து ஒன்றுமில்லை என்று நான் நோட்டைக் காட்டினேன். தினேஷ் பார்க்கவேயில்லை. கைக்கு வந்த விக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கிறவர் இனி வேண்டாம் என்று முணுமுணுத்தான். அப்போது காதர் பாய் வந்து, அடுத்த ஞாயிறு எங்களுக்கு கீப்பிங் பண்ண வாங்க, பைக்கிலேயே கூட்டிப் போகிறோம், பிரியாணி உண்டு என்று அந்தோணியை அழைத்தார். அந்தோணி தினேஷைப் பார்த்தார்.

தினேஷ் இடையில் வந்து நின்றான். "வேற ஆள் பாருங்க பாய். இவரு எங்க கீப்பரு."

ஆக, அந்த ஆட்டத்தில் கூனிமேட்டுக்கு மிஞ்சியது இரண்டு பந்து, எங்களுக்கு மிஞ்சியது ஒரு கீப்பர்.