மாமியாருக்குச் சோறு போடாதவள்

எழுபதுகளின் கடைசியில் ஆரப்பாளையத்தில் எங்கள் தெருவுக்கே தெரிந்த கொடுமைக்காரி நான்தான். மாமியாரைப் பட்டினி போடுகிறவள் என்று பெயர். அதை வாங்கித் தந்தது என் அத்தையேதான்.

சாப்பிட்டுக் கை கழுவிய கொஞ்ச நேரத்தில் வாசலில் போய் நிற்பார். எதிர்வீட்டு அக்கா "சாப்பிட்டீகளா?" என்று கேட்டால் போதும். "எங்கத்தா சாப்பிட்டேன்? அவ போட்டாத்தான?" என்பார். மாமியார் மருமகள் என்றால் சண்டைதான் என்று ஊரே முடிவு செய்து வைத்திருக்கிறது. அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

நான் யோசித்தேன். அத்தை குழம்பில் இரண்டு தரம் புளி கரைத்து ஊற்றியபோது எனக்கும் எரிச்சல்தான் வந்தது. ஆனால் ஒருநாள், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து போய்வருகிற மாவு மில்லுக்கு என்னிடமே வழி கேட்டார். வம்புக்குச் செய்யும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், பட்டவள் நான். இது பயந்த முகம்.

கப்பலூர் கம்பெனியில் வேலை முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன். "வயசானா மறதி வரத்தான் செய்யும். நீ மொதல்ல ஒழுங்காச் சோத்தப் போடு. இன்னொரு தடவ இந்தப் பேச்சு வந்துச்சு, உங்கப்பன் வீட்டுக்குப் போயிரு" என்றார். போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாய்க்கும் மகனுக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டேன். கறிக்குழம்பு. அத்தை மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவி வந்தவர், இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனின் தோளைத் தொட்டார். "ஏய்யா, ஒனக்கு மட்டும் போட்டுட்டா பாரு. எனக்கு ஒரு வா சோறு இல்ல."

அத்தை கையில் ஈரம்கூடக் காயவில்லை. கடித்துப் போட்ட எலும்பு அவர் இலையிலேயே கிடந்தது. கணவர் சோற்றில் கை வைத்தபடியே அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய யாருக்கும் தெரிய வேணாம். அம்மாவ வாசலுக்கு விடாத. பைத்தியம்னு சொல்லிருவாங்ய. குடும்ப மானம் போயிரும்."

"என்னயக் கொடுமைக்காரின்னு தெருவே பேசுனப்பப் போகாத மானமா?"

கதவை விரியத் திறந்து அத்தையை வாசலில் உட்கார வைத்தேன். எதிர்வீட்டு அக்கா வழக்கம்போலக் கேட்டாள். நானே தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"சாப்பிட்டாகக்கா. மறந்துட்டாக. அது நோவு. பசிக்குதுன்னா மறுபடியும் போடுவேன்."