மத்தியானத்தில் மட்டும் எழுந்த மேடு

பல வருடமாகத் தேடியது கையில் கிடைத்த பிறகு, ஒருவர் தன் வாயாலேயே "இது அது இல்லை" என்று ஏன் சொல்ல வேண்டும்? அணுக்கரு ஆராய்ச்சிக்காகப் பெரிய பரிசு வாங்கிய ஒரு பெண்ணின் கதையை முதலில் கேட்டபோது, எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

சின்ன வயதிலிருந்தே அவள் எதையும் லேசில் நம்ப மாட்டாள். அப்பா வயரிங் வேலை பார்த்தவர். "மெயினை அணைச்சாச்சு" என்று அவர் சொன்னாலும், டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கம்பியைத் தொடுவாள்.

"பெத்த அப்பனையே நம்பல. இவளைக் கட்டிக்கப் போறவன் பாடு திண்டாட்டம்தான்" என்று அம்மா சிரிப்பாள்.

படித்து முடித்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த பிறகும் அப்படித்தான். எந்த முடிவைக் காட்டினாலும் "இன்னொரு தடவை பாத்துடலாம்" என்பாள். அதனால் அங்கே அவளுக்கு 'இன்னொருதடவை' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அவள் தேடியது ஒரே ஒரு விஷயம். ஒரு வகை அணுக்கரு, மிக அபூர்வமாக, குறிப்பிட்ட ஆற்றலில் காமா கதிரை வெளிவிட வேண்டும் என்று கணக்கு சொன்னது. கண்டவர் யாரும் இல்லை. அதைப் பிடிக்க ஒரு கருவி வைத்து, வெளியிலிருந்து வேறு கதிர் நுழையாதபடி சுற்றிலும் ஈயச் செங்கல் அடுக்கியிருந்தாள். பின்பக்கம் மட்டும் வெறும் சுவர். ஈயம் போதவில்லை. "சுவருக்கு அந்தப் பக்கம் நடைபாதைதானே, அங்கிருந்து என்ன வந்துடப் போகுது?" என்றவளும் அவளேதான். கருவி பிடிக்கும் கதிர்கள் திரையில் ஆற்றல்வாரியாகக் குவியும். தேடும் இடத்தில் ஒரு மேடு எழுந்தால் ஜெயித்த மாதிரி. வருடக் கடைசிக்குள் எழாவிட்டால் ஆய்வையே மூடப்போவதாக இயக்குநர் சொல்லிவிட்டார்.

மேடு எழுந்தது.

இயக்குநர் துள்ளிக் குதிக்காத குறை. வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட ஏற்பாடு செய்துவிட்டார்.

"இன்னொரு தடவை..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"அம்மா தாயே, உன் கால்ல வேணாலும் விழறேன். அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத!"

சொல்லவில்லை. ஆனால் தனியாக உட்கார்ந்து, பதிவானதை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தாள். மேடு மத்தியானத்தில் மட்டும் வந்திருந்தது. காலையில் இல்லை, ராத்திரி இல்லை. அணுக்கரு சாப்பாட்டு நேரம் பார்த்தா கதிர் விடும்? நாள்வாரியாகவும் பிரித்தாள். எட்டு நாளுக்கு ஒரு முறை மேடு பாதியாகத் தேய்ந்துகொண்டே வந்தது. அப்படித் தேயும் சரக்கு எது என்று அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். தைராய்டு நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் கதிரியக்க அயோடின். அதன் கதிரும், அவள் தேடியதும், ஆற்றலில் கிட்டத்தட்ட ஒரே இடம்.

கையில் பிடிக்கும் கதிர்மானியை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனாள். சுவரை ஒட்டிய பெஞ்சில், தினமும் மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுவரும் கணவர், தையற்கடைக்காரர், சாப்பாட்டு டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். கதிர்மானி படபடவென்று அடித்துக்கொண்டது.

"கிட்ட வராத! அங்கயே நில்லு" என்றார் அவர்.

"போன மாசம் துணி எடுக்கப் போறேன்னு வெளியூர் போனீங்களே..."

"ஆஸ்பத்திரிலதான் இருந்தேன். தைராய்டுதான், பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாங்க. வீட்ல உள்ளவங்ககிட்டேருந்து கொஞ்ச நாள் தள்ளி இருக்கச் சொன்னாங்க."

"அதான் குறட்டை விடறேன்னு முன் ரூம்ல போய்ப் படுத்தீங்களா? நான் ஏதோ கோவம்னுல்ல நெனச்சேன்!"

"சொன்னா வேலையப் போட்டுட்டு என் தலைமாட்டுல வந்து உக்காந்துடுவ. வருஷக் கடைசி வேற."

"அதுக்கு? கதிர்வீச்சைத் தேடறவகிட்டயே கதிர்வீச்ச ஒளிச்சு வைப்பீங்களா?"

"உன்கிட்டேருந்து தள்ளித்தானே உக்காந்தேன்" என்றார் அவர் பாவமாக. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவளிடமிருந்து தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார், கருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வெள்ளிக்கிழமை அறிவிப்பு நடந்துமுடிந்திருக்கும். அவள் நேராக இயக்குநர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பத்திரிகைக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வருடக் கடைசியில் சொன்னபடியே ஆய்வையும் மூடினார். கூட இருந்தவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். 'புருஷனைக் கண்டுபிடிச்ச விஞ்ஞானி' என்று கேலி ஊரெல்லாம் சுற்றியது. கணவர் குணமாகி, கடையில் வருகிறவர்களிடம் தானே அதைச் சொல்லிச் சிரித்தார். அவளுக்கு ஆரம்பத்தில் சிரிப்பு வரவில்லை.

பிறகு வேறொரு ஆய்வுக்கூடத்தில், நிலத்தடியில், ஒரு மூலை இடம் கொடுத்தார்கள். நாலு பக்கமும் ஈயம் அடுக்கினாள். வருடக்கணக்கில் காத்திருந்தாள். தேடிய இடத்தில் கடைசியில் ஒரு மேடு தெரிந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு சின்னது. காலையிலும் இருந்தது, ராத்திரியும் இருந்தது, தேயவே இல்லை. பழைய மேட்டை அறிவித்திருந்தால் இதை யாரும் தேடியே இருக்க மாட்டார்கள். பரிசு இதற்குத்தான் கிடைத்தது.

பரிசுச் செய்தி பத்திரிகைகளில் வந்தது. நடைபாதைச் செய்தி வரவில்லை. அதனால் படித்த நீங்கள், கையில் கிடைத்ததை விட்டுவிட மனசு வராமல் தவிக்கிற யாராவது ஒருவருக்காவது இதைச் சொல்லுங்கள்.